பவுல் வசன எண் போடவில்லை

வேதாகமக் கல்லூரியில் புதிய ஏற்பாடு நடத்துகிறவன் நான். படிப்பை முடித்துச் சபைக்குப் போன பிள்ளைகள் ஆறு மாதத்தில் போன் செய்தால், பெரும்பாலும் மூப்பர்களோடு ஏதோ தகராறு என்று அர்த்தம். போன வருஷம் ஒரு தம்பி நேரிலேயே வந்துவிட்டார். கமிட்டியில் ஒரு பெரியவரை எல்லார் முன்னாலும் வைத்து நன்றாகக் கேட்டுவிட்டாராம், இப்போது சபையே இரண்டாக நிற்கிறது. "வசனம் இருக்குதே ஐயா" என்று போனை நீட்டினார். இளம் ஊழியர் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் கடிதம், 1 தீமோத்தேயு 4:12, மஞ்சள் கலரில்: "உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு".

அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. வார்த்தையிலும் நடக்கையிலும் அன்பிலும் மாதிரியாயிரு என்று போகிறது. அதாவது, அசட்டை பண்ணாதே என்று பெரியவர்களை அதட்டும் உரிமையை அது கொடுக்கவில்லை, அப்படிப் பண்ண இடமில்லாதபடி நடந்துகொள்ளும் பாரத்தை அந்த வாலிபன் தலையில் வைக்கிறது. சரி, அதைக்கூட விடுங்கள். அங்கிருந்து ஐந்தாவது வசனத்திலேயே, முதிர்வயதுள்ளவரைக் கடிந்துகொள்ளாதே, தகப்பனைப்போல நினைத்துப் புத்திசொல் என்று வருகிறது. தம்பி அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அது 5:1. நடுவில் அதிகாரம் என்று ஒரு சுவர் எழும்பி நிற்கிறது.

அந்தச் சுவரைப் பவுல் கட்டவில்லை. நாம் இன்று பயன்படுத்துகிற அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை, இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் பெயரில் சொல்லப்படுகிறவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. அதுவரை இவை வெறும் கடிதங்கள்தான், எபேசுவில் தீமோத்தேயுவுக்கும் கிரேத்தா தீவில் தீத்துவுக்கும் போன கடிதங்கள்.

அதனால் இப்போதெல்லாம் முதல் வகுப்பில் எண்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் கடிதமாக அச்சடித்துக் கொடுத்துவிடுகிறேன். தீமோத்தேயுவுக்கு இரண்டு, தீத்துவுக்கு ஒன்று, ஆக மூன்று நிருபமும் சேர்ந்து 13 அதிகாரம், 242 வசனம். ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பவுலே எழுதினாரா, அவர் பெயரில் பின்னால் வந்தவர் எழுதினாரா என்று 1807இல் ஜெர்மன் இறையியலாளர் ஷ்லையர்மாக்கர் முதலாம் தீமோத்தேயுவைப் பற்றிக் கிளப்பிய கேள்வி இன்னும் ஓயவில்லை, அதையும் மாணவர்களிடம் நான் மறைப்பதில்லை. யார் எழுதியிருந்தாலும் முதலில் முழுதாக வாசிக்க வேண்டும், விவாதம் அப்புறம்.

முழுதாக வாசிக்கும்போது தன்னால் கண்ணில் படும் ஒன்று உண்டு. தீமோத்தேயுவுக்கு வந்த இரண்டாம் நிருபம் முழுக்க உன், உனக்கு, நீ என்றே போகிறது; கடைசி வரியில் திடீரென்று "கிருபை உங்களோடிருப்பதாக". கிரேக்கத்திலும் அது பன்மைதான், தீத்துவின் முடிவிலோ உங்களெல்லாரோடும் என்றே இருக்கிறது. ஆக ஒருவர் பெயருக்கு வந்தாலும் பக்கத்தில் சபையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறது. அப்படிக் கேட்டால் அந்த 4:12 பெரியவர்கள் காதிலும் விழுகிறது, பெரியவரைத் தகப்பனாக நினை என்பதும் அவர்கள் காதில் விழுகிறது. இரண்டு பக்கமும் கட்டுப்படுகிறது.

இளமை என்றதும் இருபது வயது என்று நினைக்க வேண்டாம். வாலிபம் நாற்பது வரை நீளும் என்று இரண்டாம் நூற்றாண்டின் சபைப் பிதா இரேனேயுவே எழுதியிருக்கிறார். லீஸ்திராவில் பவுலோடு கிளம்பிய தீமோத்தேயு, வழக்கமாகச் சொல்லும் காலக்கணக்கில், இந்தக் கடிதம் வரும்போது ஏறத்தாழ பதினைந்து வருஷம் ஊழியத்தில் அடிபட்டவர்.

வாலிபர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. வெட்டி எடுப்பதில் பெரியவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். மூப்பர் மேல் வரும் பிராதை இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் ஏற்காதே என்கிற 5:19ஐக் காட்டி, காசு விஷயத்திலும் பெண்பிள்ளைகள் விஷயத்திலும் வந்த புகார்களை அப்படியே அமுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வரியே, பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது. அதற்கும் அடுத்த வரி, பட்சபாதம் பார்க்காதே. சாட்சி கேட்பது விசாரிப்பதற்குத்தான். புகார் கொடுத்தவரின் வாயை அடைக்க அந்த வசனத்தை யாராவது உங்களிடம் காட்டினால், அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள், அதோடு சட்டப்படி போக வேண்டிய புகார் சபைக்குள்ளேயே நின்றுவிடவும் கூடாது.

போன மாதம் வேறொரு மாணவர் வகுப்பு முடிந்து தயங்கித் தயங்கி வந்தார். ஓயாமல் உபவாசம், இராத்திரி ஜெபம், வயிற்றில் புண். "அந்தத் தண்ணீர் மட்டும் குடிக்காதேன்னு வருதே, அது எத்தனாவது வசனம் ஐயா? எங்க பாஸ்டரிடம் காட்டணும்."

5:23 என்றேன், வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று வரும் இடம். முதலில் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அப்புறம், பாஸ்டரிடம் அதை மட்டும் காட்டாதீர்கள் தம்பி, நான்காம் அதிகாரத் தொடக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுங்கள், அங்கேதான் போஜனத்தை விலக்கச் சொல்லும் போதகர்களைப் பவுல் கண்டிக்கிறார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளங்கையில் 5:23 என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார்.