பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது? பழைய காரை வீட்டில் சீரமைக்கப் போகிறவர்களுக்கு

போன வருடம் ஒருவர் தன் அப்பா ஓட்டிய காரை லாரியில் ஏற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஆறு மாதமாக வீட்டிலேயே வைத்து, துரு பிடித்ததை எல்லாம் வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, தனி ஆளாக வெல்டிங் செய்திருந்தார். "அண்ணே, வேலையெல்லாம் முடிஞ்சிடுச்சு. கதவு மட்டும் சாத்த மாட்டேங்குது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுங்க" என்றார்.

கதவு இடைவெளியைப் பார்த்தேன். மேலே ஒரு தாள்கூட நுழையாது. கீழே இரண்டு விரல் தாராளமாகப் போகிறது. கோளாறு கதவில் இல்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கதவுக்கு அடியில் ஒரு பெட்டித் தகடு ஓடும். நாங்கள் அதைப் படி என்போம். அந்தப் படியை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்திருக்கிறார். வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. தொய்ந்தது கண்ணுக்குத் தெரியாததால் அப்படியே புதுப் படியை வைத்துப் பற்றவைத்துவிட்டார். ஆறு மாத உழைப்பு. வெல்டிங்கை நான் குறை சொல்ல மாட்டேன், தையல் போல அழகாகப் போட்டிருந்தார். ஆனால் அத்தனையையும் மறுபடி வெட்ட வேண்டியிருந்தது.

22 வருடமாக டிங்கரிங் வேலை பார்க்கிறேன். வீட்டில் வைத்துப் பழைய காரைச் சரிசெய்கிறவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கூலிக்குச் செய்கிறவனுக்கு வராத பொறுமை அவர்களுக்கு வரும். அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது: கிரைண்டரை எடுக்கும் முன், அந்தத் தகடு எதைத் தாங்குகிறது, அதை வெட்டினால் என்ன தூசி கிளம்பும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வண்டியின் அமைப்பு. சில பழைய வண்டிகளில் கனமான சேசிஸ் (அடிச்சட்டம்) தனியாக இருக்கும், பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். மற்ற வண்டிகளில் பாடியேதான் சேசிஸ். இரண்டாவது வகையில் படி, தரைத்தகடு, கதவுத் தூண் எல்லாம் சேர்ந்துதான் எடையைத் தாங்குகின்றன. மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பதும் அவைதான். அங்கே உள்ள துருவை அழகுப் பிரச்சினையாக நினைத்துவிடக் கூடாது.

இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துவிடும். அதனால்தான் இரண்டு தகடு ஒட்டும் இடம் வாய் பிளக்கிறது, பெயிண்ட் கொப்புளம் போல எழும்புகிறது. வெளியே காசு அளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும், ஏனென்றால் பெரும்பாலான துரு உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கீறல் விழாதபடி தகட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். பிடி நழுவும் இடத்தில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, கனமாக இருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள், நல்ல தகடு கணீரென்று கேட்கும், பட்டி பொத்தென்று கேட்கும். ஒரு வண்டியில் பட்டியை உடைத்தபோது படிக்குள் செய்தித்தாளும் நுரையும் அடைத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். யாரோ அதற்குமேல் பளபளவென்று பெயிண்டும் அடித்து விற்றிருக்கிறார்கள்.

கார்பெட்டை முழுவதும் எடுத்துவிட்டுத் தரையைப் பாருங்கள். பேட்டரி உட்காரும் தட்டு, கண்ணாடி ரப்பருக்கு அடி, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, கதவின் அடி விளிம்பு எல்லாமே தண்ணீர் தேங்கும் இடங்கள். சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடங்களில் ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினால், மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் மூலைவிட்ட அளவுகளை எடுத்து எழுதி வையுங்கள். கதவைக் கழற்றிவிட்டு, அந்தத் திறப்பில் சதுர இரும்புக் குழாயைக் குறுக்காக வைத்துப் பற்றவையுங்கள். வண்டியின் எடை சஸ்பென்ஷன் புள்ளிகளில் சமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் முடித்த பிறகே அடுத்த பக்கம். புதுப் படியை அங்கங்கே புள்ளி வைத்து நிறுத்தியதும் அளவை மறுபடி எடுத்துப் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். குறுக்குக் குழாய் வழிவிட்டால் கதவையும் மாட்டிச் சாத்திப் பாருங்கள். அப்புறம் முழு வெல்டிங். பாடித் தகடு ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான கனம்தான், ஒரே இழுப்பில் வெல்டிங் போட்டால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, தள்ளி ஒரு புள்ளி, நடுவே ஆறவிடுங்கள். தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். செங்கல், கான்கிரீட் கல்லும் வேண்டாம், அவை எச்சரிக்கை தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். எடை தாங்கும் ஸ்டாண்டுகளைச் சமதளத்தில் வைத்து, வண்டியை ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்த பிறகு அடியில் போங்கள். துருப்பிடித்த வண்டியில் ஜாக்கி வைக்கும் இடமே உளுத்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி தூசி. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் இது அன்றைக்கே வலிக்காது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தக் காலத்தில் தகடு இணைப்புகளை ஈயம் உருக்கியும் நிரப்பினார்கள். உலர்ந்த உப்புத்தாளில் தேய்த்தால் அது மாவாகிக் காற்றில் கலந்து உங்கள் சட்டையோடு வீட்டுக்குள் போகும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயம் மிகவும் கெடுதல். ஆகவே தண்ணீர் விட்டுத் தேயுங்கள், நுண்தூசியைத் தடுக்கும் மாஸ்க் அணியுங்கள், வேலை உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கெட் ஆகியவற்றில் கல்நார் இருக்கலாம். பிரேக் டிரம்மைத் திறந்ததும் ஏர் அடித்து ஊதுவது பட்டறைப் பழக்கம். அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

மாற்றுத் தகடு துத்தநாகம் பூசியதாக இருந்தால் வெல்டிங் போடும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிடுங்கள், அந்தப் புகை சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் வெல்டிங் போடவே போடாதீர்கள். சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். கொஞ்சம் சுவாசித்தாலே உயிருக்கு ஆபத்து.

ஹார்ட்னர் என்ற கெட்டியாக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயிண்டை வீட்டில் அடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த பெயிண்டர் ஒருவர், நல்ல கை, வருடக்கணக்கில் சாதாரண மாஸ்க்கோடு அடித்தவர். ஒருநாள் இரவு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால் பிறகு துளியளவு வாசனைகூடப் போதும். இப்போது அவரால் பட்டறை வாசலுக்குக்கூட வர முடியவில்லை. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க்கும் பெயிண்ட் கூடமும் உள்ளவர்களிடம் அந்த ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். காலி டேங்கில்தான் ஆவி காற்றோடு கலந்து நிற்கும், கழுவிவிட்டேன் என்று வெல்டிங் பொறியைக் காட்டினால் வெடிக்கும். வண்டியில் எங்கே வெல்டிங் என்றாலும் டேங்கைக் கழற்றித் தூர வையுங்கள். சீட், கார்பெட், அடியில் பூசிய தார் எல்லாம் பற்றிக்கொள்ளும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள்.

சின்னப் பாகங்களுக்கு வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கலாம், நல்ல முறைதான். ஆனால் பாகத்துக்கு எதிரே தண்ணீரில் இறக்கி மின்சாரம் கொடுக்கும் தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்காதீர்கள், நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். சாதா இரும்பே போதும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். ஸ்பிரிங்கையும் அதிக உறுதி போல்ட்டுகளையும் அதில் போட வேண்டாம், உள்ளுக்குள் ஹைட்ரஜன் ஏறிப் பட்டென்று முறியும். பட்டியை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள், ஓட்டையின்மேல் போடவே வேண்டாம். பிரேக் குழாய்களைப் புதிதாகவே மாற்றிவிடுங்கள். சாலையில் இறக்கும் முன் பிரேக், ஸ்டியரிங், வெல்டிங் மூன்றையும் அனுபவமுள்ள ஒருவர் அடியில் படுத்துப் பார்த்துவிட வேண்டும்.

அந்த அப்பாவின் கார் எங்களிடம் ஐந்து வாரம் நின்றது. குறுக்குக் குழாய் வைத்து, நடுவே மெல்ல மெல்லத் தூக்கி, ஒவ்வொரு பக்கமாக வெட்டிச் சேர்த்தோம். பாதி வேலையை அவரே பக்கத்தில் நின்று செய்தார். கடைசியில் படியின் அடியில் பார்த்தால் தண்ணீர் வடியும் துளைகளே இல்லை, புதுத் தகட்டில் போட மறந்திருக்கிறார். துளை போட்டு, உள்ளே குழாய் விட்டுத் துருத்தடுப்பு மெழுகு அடித்தோம். மறுநாள் காலையில் எல்லாத் துளைகளிலும் மெழுகு சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மூலை முடுக்கெல்லாம் போயிருக்கிறது என்று அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். அப்புறம்தான் சாவியைக் கொடுத்தேன்.