பழைய அலுமினியப் படகு வாங்குமுன் தளத்தைத் தூக்கிப் பாருங்கள்

இனாண்டா, மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ் அணைகளில் பாஸ் மீன் பிடிக்க ஆசைப்படும் நம் டர்பன் இளைஞர்கள் பலர், தட்டையடி அலுமினியப் படகுகள் இரண்டின் படங்களைக் காட்டி, எதை வாங்கலாம் என்று என் பட்டறைக்கு வந்து கேட்கிறார்கள். ஒன்று பெரும்பாலும் ரிவெட் (தகடுகளை இணைக்கும் தட்டையாணி) அடித்தது: பெயின்ட் உரிந்து, அங்கங்கே நசுங்கி, உள்ளே வெறும் தகடு. மற்றது வெல்டிங் செய்தது: புதுப் பெயின்ட், மரத்தளம், அதன்மேல் கம்பளம், பளபளக்கும் எஞ்சின். பார்த்தவுடன் மனம் இரண்டாவதில் ஒட்டிக்கொள்கிறது. தளத்தைக் கழற்றிக் காட்டாதவரை அதை வாங்கச் சொல்ல என் மனம் ஒப்பாது.

கடைகளில் விற்கும் பச்சை பாய்ந்த பைன் பலகையில், பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்கச் செம்பு கலந்த மருந்து ஏற்றியிருக்கும். ஈரம் பட்டால் அந்தச் செம்பு அலுமினியத்தை அரிக்கும். கம்பளமோ ஈரத்தை உலரவே விடாது. பலகையை எடுத்தால் வெள்ளைத் தூள். தூளைச் சுரண்டினால் குழிகள். பல சிறு படகுகளின் தகடு 2 மில்லிமீட்டர்கூடத் தேறாது என்பதால், குழி துளையாக அதிக காலம் ஆகாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடு அணையில் இருக்கும்போதா அது தெரியவர வேண்டும்?

ரிவெட் கசிவு அவ்வளவு பயப்பட வேண்டியதல்ல. ஒருவர் உள்ளிருந்து கனத்த இரும்பை அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் வெளியே சுத்தியால் அடித்தால் தளர்ந்த ரிவெட் பெரும்பாலும் இறுகிவிடும். சட்டத்தை ஒட்டிய வெல்டிங்கில் விரிசல் இருந்தால்தான் கவலை. அது ஏன் வந்தது என்று அறியாமல் மேலே பூசி மூடினால், பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும்.

டிரெய்லரில் வைத்தபடியே படகுக்குள் சிறிது தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் சொட்டும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். அளவு மீற வேண்டாம்: 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்கு 10 சென்டிமீட்டர் ஊற்றினாலே 400 கிலோ ஏறிவிடும்.

அடுத்து, எஞ்சினைத் தாங்கும் பின்பலகை. பல படகுகளில் தகடுகளுக்கு நடுவே மரம் இருக்கும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பலகையும் சேர்ந்து அசைந்தால் உள்ளே மரம் உளுத்திருக்கக்கூடும்.

நசுங்கிய படகின் அடி அகலம் 36 அங்குலமும் புதுப் பெயின்ட் படகினது 48 அங்குலமும் என்றால், நின்று தூண்டில் வீச அகலமானதே நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆகவே விற்பவரிடம் தளத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கூலியை நீங்களே கொடுங்கள். தகடு சுத்தமாக இருந்தால் தயங்காமல் அதையே வாங்கலாம். கழற்ற மறுத்தால், நசுங்கிய பழைய படகை எடுங்கள்.

தண்ணீர் புகுந்தாலும் படகு மிதக்கும் என்று காட்டும் மிதப்புச் சான்றிதழையும், ஓட்டத் தக்க நிலையில் இருக்கிறது என்று காட்டும் தகுதிச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். எதை வாங்கினாலும் இந்தத் தாழ்ந்த பக்கங்களும் தட்டை அடியும் கொண்ட படகை டர்பன் கடலலையில் இறக்காதீர்கள். அது அமைதியான நீருக்குச் செய்தது.