தூரமா, வெளிச்சமா: முதல் கேமராவை முடிவு செய்யும் முன்

ஒளிப்படப் பயிற்சி வகுப்பின் முதல் நாளில் ஒவ்வொருவரையும் தமது கேமராவையும், அதில் எடுத்துத் தமக்கு மனநிறைவு தராத ஒரு படத்தையும் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். அப்படி ஒரு தாய் கொண்டுவந்த படம் இன்னும் நினைவில் இருக்கிறது. பள்ளி மேடையில் நாடகம் நடக்கிறது. மகள் அரசி வேடத்தில் கையை நீட்டி நிற்கிறாள். சரியான நொடியில் எடுத்த படம், சட்டகமும் குறை சொல்ல முடியாதது. ஆனால் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது முடிக்கற்றைகள் ஒன்றோடொன்று கரைந்து கறுப்பு மெழுகைப் பூசியதுபோல் கிடந்தன. கிரீடத்தின் மணிகள் மஞ்சள் திட்டுகளாகியிருந்தன. நீட்டிய கையின் விரல்களை எண்ண முடியவில்லை. படத்தின் தகவலைத் திறந்தோம்: ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன், 3200; ஷட்டர் நேரம், அதாவது வெளிச்சம் உள்ளே விழும் நேரம், 1/30 நொடி. விரல்கள் கலைந்தது அசைவினால். முடி கரைந்தது, இருட்டில் எழுந்த புள்ளி இரைச்சலைக் கேமராவே துடைக்க முயன்றதால். "கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் முகம் தெரியும் என்றுதானே அறுபது மடங்கு ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராவை வாங்கினேன்?" என்று அவர் கேட்டார். முகம் தெரிய வேண்டுமென்றால் அதை அருகில் இழுக்கும் லென்ஸும் வேண்டும், அந்த முகத்திலிருந்து போதிய வெளிச்சமும் உள்ளே வர வேண்டும். அவருடைய கேமரா முதலாவதைச் செய்தது. இரண்டாவது அதன் சக்திக்கு மீறியதாக இருந்தது.

லென்ஸை மாற்றக்கூடிய தொடக்கநிலை மிரர்லெஸ் கேமரா வாங்குவதா, நீண்ட ஜூம் லென்ஸ் உடலோடு நிலையாக இணைந்த சூப்பர்ஜூம் பிரிட்ஜ் கேமரா வாங்குவதா என்ற கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் மெகாபிக்சலையும் ஜூம் மடங்கையும் ஒப்பிட்ட பட்டியலோடு வருகிறார்கள். இந்த இரண்டு எண்களாலும் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. ஜூம் மடங்கு என்பது லென்ஸின் நீண்ட முனையை அதன் குறுகிய முனையால் வகுத்த ஈவு, அவ்வளவுதான். 24 மி.மீ.யில் தொடங்கி 1200 மி.மீ.யில் முடிந்தால் ஐம்பது மடங்கு. அந்த ஐம்பது மடங்கும் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் எந்த அளவில் இருக்க, அதன் மீது விழுகிறது, எவ்வளவு வெளிச்சத்தோடு விழுகிறது என்பதைப் பெட்டியின் மீது யாரும் அச்சிடுவதில்லை.

முதலில் சென்சார். பெரும்பாலான சூப்பர்ஜூம் கேமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குல சென்சார் உண்மையில் ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. தொடக்கநிலை மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் உடையது, பரப்பில் முன்னதைப்போல் பதின்மூன்று மடங்கு. இவ்விரண்டுக்கும் நடுவே, பிரிட்ஜ் கேமராக்களில் உயர்வகையானவற்றில் "ஓர் அங்குல" சென்சார் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: அதன் அளவு 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. மட்டுமே, மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ.தான் வரும். பழைய வீடியோ கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வழங்கிய பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சென்சார் அளவோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் கையில் இருக்கும். மீதிப் பாதி லென்ஸில் இருக்கிறது. அதை நான் வகுப்பில் லென்ஸின் கண்மணி என்று சொல்லிப் புரியவைப்பேன். இருட்டில் நம் கண்மணி விரிவதுபோல, ஒரு லென்ஸ் எவ்வளவு அகலமான வாய் வழியாக வெளிச்சத்தை வாங்குகிறது என்பதைச் சொல்லும் அளவு அது. அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் போதும். லென்ஸின் முன்வளையத்தில் அச்சிட்டிருக்கும் உண்மையான குவியத்தூரத்தை (லென்ஸ் எவ்வளவு அருகில் இழுக்கும் என்பதைக் காட்டும் மி.மீ. எண்), ஜூமின் அந்த இடத்தில் கிடைக்கும் எஃப் எண்ணால் (சிறியதாக இருந்தால் அதிக வெளிச்சம்) வகுக்க வேண்டும். விளம்பரத்தில் வரும் 3000 மி.மீ., 600 மி.மீ. என்பவை முழுச்சட்டகக் கேமராவுக்கு, அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவில் சென்சார் உள்ள கேமராவுக்கு, ஈடாகச் சொல்லும் எண்கள்; வளையத்தில் இருப்பதே உண்மையான குவியத்தூரம். நிக்கான் பி1000 கேமராவின் 3000 மி.மீ., வளையத்தில் 539 மி.மீ. என்றே இருக்கும்.

இப்போது ஒரு முகத்தை, முழுச்சட்டகக் கணக்கில் 75 மி.மீ.க்கு ஈடான அளவில், வீட்டுக்குள் மாலை விளக்கொளியில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 1/2.3 அங்குல சூப்பர்ஜூமில் அந்த இடத்தில் கண்மணி சுமார் 4 மி.மீ. விரியும். ஏபிஎஸ்-சி மிரர்லெஸ்ஸோடு பெட்டியில் வரும் 16–50 மி.மீ. கிட் லென்ஸில், 50 மி.மீ.யை எஃப் 5.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 மி.மீ. அதே மிரர்லெஸ்ஸில் கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8 என்ற எளிய, ஜூம் இல்லாத லென்ஸை மாட்டினால் 28 மி.மீ. வெளிச்சம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் நாலுக்கும் இருபத்தெட்டுக்கும் உள்ள வேறுபாடு நாற்பது மடங்கைத் தாண்டுகிறது. கிட் லென்ஸோடு ஒப்பிட்டாலும் கிட்டத்தட்ட பத்து மடங்கு: அது 1/10 நொடி கேட்கும் இடத்தில் இந்தச் சிறு லென்ஸ் 1/100 நொடியில் படத்தை முடித்துவிடும். ஓடியாடும் குழந்தையின் முகம் கலைவதும் கலையாமல் நிற்பதும் இந்த இடைவெளியில்தான்.

இதே கணக்கை ஓர் அங்குல பிரிட்ஜ் கேமராவுக்கும் போட்டுப் பார்த்தால் பலரும் வியப்படைகிறார்கள். 2017இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 கேமராவில் அதே 75 மி.மீ. ஈட்டளவில் கண்மணி சுமார் 8 மி.மீ.; மிரர்லெஸ்ஸின் கிட் லென்ஸ் தரும் 9 மி.மீ.க்கு ஏறக்குறைய சமம். ஆகவே கிட் லென்ஸைக் கழற்றவே போவதில்லை என்றால், பெரிய சென்சாருக்காக நீங்கள் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வேலை செய்யாமலே கிடக்கிறது. மிரர்லெஸ் வாங்கி மூன்று ஆண்டுகளாகியும் அந்த ஒரே லென்ஸோடு வகுப்புக்கு வருகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களிடம் இருப்பது அரைக் கேமரா என்பதே என் கருத்து. கடையில் இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால், அவர்களில் சிலர் ஓர் அங்குல பிரிட்ஜ் கேமராவை வாங்கி மகிழ்ச்சியாக இருந்திருப்பார்கள். மற்றவர்கள் கேமரா உடலில் ஒரு படி குறைந்ததை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் ஒரு நல்ல லென்ஸ் வாங்கியிருப்பார்கள்.

தூரத்துப் பொருள்களுக்கு வந்தால் கணக்கு வேறு பக்கம் சாய்கிறது. இங்கே சூப்பர்ஜூமை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2018இல் வந்த அந்த பி1000 நீண்ட முனையில் எஃப் 8 மட்டுமே கொடுத்தாலும், 539ஐ எட்டால் வகுத்தால் கண்மணி 67 மி.மீ. ஆகிறது. மிரர்லெஸ் வாங்குகிறவர்கள் இரண்டாவதாக எடுத்துக்கொள்ளும் 55–210 மி.மீ. எஃப் 6.3 லென்ஸில் அது 33 மி.மீ. தான். நிலவை எடுத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணெதிரே தெரியும். வானில் நிலவு அரைப் பாகை அகலமே உடையது என்பதால், எந்த லென்ஸிலும் குவியத்தூரத்தை ஏறத்தாழ 110ஆல் வகுத்த அளவுக்குத்தான் அதன் பிம்பம் விழும். 210 மி.மீ. லென்ஸில் அது 1.9 மி.மீ.; 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் நிலவின் குறுக்கே ஐந்நூறு பிக்சல்கூட வராது. பி1000இல் நிலவின் பிம்பம் 4.9 மி.மீ.; சென்சாரின் உயரத்துக்குள் அடங்காமல் வெளியே வழிகிறது. தவிர, நிலவு என்பது சூரிய வெளிச்சம் நேராக விழும் பாறை நிலம். அதற்குக் குறைந்த ஐஎஸ்ஓவே போதும் என்பதால் சிறிய சென்சாரின் பலவீனம் அங்கே வெளிப்படுவதே இல்லை. பகல் வெளிச்சத்தில் குளத்தின் மறுகரையில் அசையாமல் நிற்கும் கொக்குக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஆனாலும் அந்த நீண்ட முனையில் இரண்டு தடைகள் உண்டு. எஃப் 8இல் ஒளியின் அலை இயல்பே ஒவ்வொரு புள்ளியையும் ஏறத்தாழ 10 மைக்ரான் அகலமுள்ள வட்டமாகப் பரப்பிவிடுகிறது. அந்தச் சென்சாரின் ஒரு பிக்சலோ 1.3 மைக்ரான் அளவுதான். பதினாறு மெகாபிக்சல் என்று எழுதியிருந்தாலும் அத்தனையும் நுண்விவரமாக வந்து சேராது. இரண்டாவது தடை காற்று. நண்பகலில் சூடேறிய தரைக்கு மேல் அலையும் காற்று, நூறு மீட்டருக்கு அப்பாலிருக்கும் பறவையின் இறகுகளைத் தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல் நெளியவைக்கும். முக்காலியும் நடுக்கத் தடுப்பும் இதைச் சரிசெய்யாது. புதிதாக வாங்கிய கேமராவின் ஃபோகஸ் பழுது என்று என்னிடம் கொண்டுவந்த படங்களில் பாதிக்கு மேல் இந்தக் கானல் நெளிவின் விளைவு. அதே பறவையை மறுநாள் விடியற்காலையில் எடுக்கச் சொன்னேன். இறகின் நரம்புகள் தனித்தனியாகத் தெரிந்தன.

பறக்கும் பறவைகள் வேறு கதை. 2000 மி.மீ. ஈட்டளவில் சட்டகம் மூலைக்கு மூலை ஒரு பாகைக்குச் சற்றுக் கூடுதலான வானத்தைத்தான் காட்டும். அதற்குள் பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது போய்விடும். ஜூமை ஒரு நொடி பின்னிழுத்துப் பறவையைத் தேடிக்கொள்ளப் பல பிரிட்ஜ் கேமராக்களில் தனிப் பொத்தான் உண்டு. வாங்கிய அன்றே அதைப் பழகிக்கொள்ளுங்கள். ஆயினும் விரைந்து நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸில் பிடித்து வைப்பதில், உயிரினங்களை அடையாளம் காணும் இன்றைய மிரர்லெஸ் கேமராக்களுக்குச் சிறிய சென்சார் சூப்பர்ஜூம்கள் ஈடாக மாட்டா. 2023இல் வந்த கேனான் ஆர்50 போன்ற தொடக்கநிலைக் கேமராவிலேயே அந்த வசதி வந்துவிட்டது. அதன் எடை 375 கிராம். அதில் 635 கிராம் எடையுள்ள 100–400 மி.மீ. லென்ஸை மாட்டினால் ஏறத்தாழ ஒரு கிலோ எடையில் 640 மி.மீ. ஈட்டளவு கையில் இருக்கும். பி1000 தனியாகவே 1.4 கிலோ. பிரிட்ஜ் கேமரா என்றால் இலகுவானது என்ற எண்ணத்தை இதோடு விட்டுவிடலாம். அது தரும் உண்மையான வசதி, லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை என்பது. புழுதியிலும் தூறலிலும், படகின் ஆட்டத்திலும், ஒரு கையில் குழந்தையைப் பிடித்திருக்கும்போதும் அந்த வசதியின் மதிப்பு மிகப் பெரிது.

வீடியோ, வ்யூஃபைண்டர், தொடுதிரை ஆகியவற்றில் இரு வகையிலும் நல்லதும் உண்டு, குறைபாடுள்ளதும் உண்டு. மாடலுக்கு மாடல் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். கேமரா துடைத்துச் சுருக்காத மூலத் தரவைச் சேமிக்கும் ரா கோப்பு வசதி மட்டும் இல்லாமல் வாங்க வேண்டாம். விலை குறைந்த சில சூப்பர்ஜூம்களில் அது இருப்பதில்லை. அந்த வசதி இருந்திருந்தால் மேடைப் படத்தின் கரைந்துபோன முடியில் ஓரளவையாவது மீட்டிருக்கலாம்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் கேமராவின் பெயரை உடனே சொல்வதில்லை. கைப்பேசியைத் திறந்து கடந்த ஓராண்டில் உங்களுக்குப் பிடித்த நூறு படங்களைப் பாருங்கள் என்பேன். ஒவ்வொன்றிலும் இரண்டை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்: எடுத்த நேரமும் இடமும் வெளிச்சம் குறைந்தவையா, எடுத்தது எட்டாத தூரத்தில் இருந்ததா. கூரைக்குக் கீழே, விளக்கொளியில், ஐந்து மீட்டருக்குள் இருக்கும் மனிதர்களே நிறைந்திருந்தால், மிரர்லெஸ்ஸும் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் வாங்குங்கள். ஜூம் ஆசையைச் சிறிது காலம் ஒத்திவையுங்கள். நல்ல வெயிலில் எட்டாத மரங்களும் மலைகளும் பறவைகளுமே நிறைந்திருந்து, இரண்டாவது லென்ஸைத் தூக்கிக்கொண்டு அலைய மனமும் இல்லையென்றால், பிரிட்ஜ் கேமராவைத் தயங்காமல் வாங்குங்கள். இரண்டும் கலந்து, பயணத்தில் எல்லாவற்றையும் ஒரே கருவியில் முடிக்க விரும்புகிறவர்களுக்கு ஓர் அங்குல பிரிட்ஜ் கேமராதான் நேர்மையான விடை.

அந்த ஓர் அங்குல வகையில் பழைய மாடல்களையே பயன்படுத்திய நிலையில் வாங்க நேரலாம் என்பதால் ஓர் எச்சரிக்கை. மிரர்லெஸ்ஸின் சென்சாரில் தூசி படிந்தால் லென்ஸைக் கழற்றித் துடைத்துவிடலாம். பிரிட்ஜ் கேமராவில் ஜூம் நீண்டு சுருங்கும்போது காற்றோடு உள்ளே போன தூசியை எடுக்க முழுவதையும் பிரிக்க வேண்டும். ஆகையால் வாங்குமுன் எஃப் 8இல் வைத்து வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ எடுத்து, மங்கலான கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கைப்பேசி விளக்கை லென்ஸின் முன்புறம் சாய்வாகப் பிடித்து உள்ளே சிலந்திவலை இழைபோலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஜூமை முழுவதும் நீட்டி, சுருக்கி, மீண்டும் நீட்டி, மோட்டாரின் ஓசை இடையில் தடுமாறுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

அந்தத் தாய் மறு ஆண்டு நாடகத்துக்கு வகுப்பிலிருந்த மிரர்லெஸ்ஸையும் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையும் இரவல் வாங்கிப் போனார். ஜூம் இல்லாததால் மூன்றாம் வரிசையில் இடம்பிடிக்க ஒரு மணி நேரம் முன்னதாகவே போக வேண்டியிருந்தது. ஷட்டர் நேரம் 1/250 நொடி. மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு முடியிழை தனியாகத் தெரிந்தது. பழைய சூப்பர்ஜூமை அவர் விற்கவில்லை. அது இப்போது அவருடைய தந்தையிடம் இருக்கிறது. ஒவ்வொரு முழுநிலவுக்கும் அவர் எடுத்த படம் எனக்கு வந்து சேர்கிறது.