ஓரக் குறிப்பு எப்போது வேலை செய்கிறது?

திருத்திய ஒப்படை கைக்கு வந்ததும் மாணவரின் கண் முதலில் தேடுவது புள்ளியைத்தான். இலங்கையின் திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிலும் அப்படித்தான். புள்ளியைப் பார்த்த பிறகு, விரிவுரையாளர் இரவிரவாக இருந்து பக்க ஓரத்தில் எழுதிய குறிப்புகளுக்கு என்ன ஆகிறது?

1988இல் ரூத் பட்லர் என்ற உளவியல் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. இஸ்ரேலியப் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு குழுவினருக்குப் புள்ளி மட்டும் கொடுக்கப்பட்டது; இன்னொரு குழுவினருக்குக் குறிப்பு மட்டும்; மூன்றாவது குழுவினருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் ஆர்வத்திலும் திறனிலும் மேலே நின்றார்கள். இரண்டையும் பெற்றவர்களோ ஏறக்குறைய புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண் வந்து சேர்ந்ததும் குறிப்பின் பயன் போய்விட்டது.

ஏன் இப்படி? 1996இல் குளூகர், டினீசி என்ற இரு ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். பின்னூட்டம், அதாவது செய்த வேலையைப் பற்றி அதைச் செய்தவருக்குத் திரும்பச் சொல்வது, சராசரியாக நன்மை செய்கிறது; ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான முடிவுகளில், பின்னூட்டம் பெற்றவர்களின் செயல்திறன் குறைந்தே இருந்தது. ஆய்வாளர்கள் இருவரும் தந்த விளக்கம் கவனத்தைப் பற்றியது. செய்த வேலையின் மேல் கவனத்தை நிறுத்தும் குறிப்பு உதவுகிறது. ‘நான் கெட்டிக்காரனா, மொக்கனா’ என்ற கேள்விக்கு மனத்தைத் திருப்பும் குறிப்பு கெடுக்கிறது. பாராட்டும் இதற்கு விலக்கல்ல. “மிக நன்று” என்ற இரண்டு சொற்களில், அடுத்த முறை செய்வதற்கு எதுவும் இல்லை.

நமது மாணவர்கள், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைக் கடந்தே பல்கலைக்கழகத்துக்குள் வருகிறார்கள். ஓர் எண் தங்கள் வாழ்க்கையைத் தீர்மானிப்பதைப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் பார்த்தவர்கள் அவர்கள். ஒப்படைப் புள்ளியும் தங்களைப் பற்றிய தீர்ப்பாகவே அவர்களுக்குத் தெரிவதில் வியப்பில்லை.

அவுஸ்திரேலியக் கல்வியாளர் ரொய்ஸ் சட்லர் 1989இல் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். நல்ல வேலை எப்படியிருக்கும் என்று மாணவருக்குத் தெரிய வேண்டும். தன் வேலையை அதனோடு ஒப்பிடத் தெரிய வேண்டும். இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்யவும் வேண்டும். மூன்றாவதில்தான் பெரும்பாலான பின்னூட்டம் இறந்துபோகிறது என்பது என் எண்ணம். பாடம் முடிந்த பிறகு வரும் குறிப்பை எங்கே பயன்படுத்துவது?

யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பற்றி ஒரு மாணவி ஒப்படை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “வாதம் தெளிவில்லை” என்று ஓரத்தில் எழுதுவது எளிது. ஆனால் எது தெளிவில்லை என்று தெரிந்திருந்தால் அவர் அப்படி எழுதியிருக்கவே மாட்டார். இப்படி எழுதலாம்: “மூன்றாம் பந்தியில் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதைக் காட்டுகிறீர்கள். நான்காம் பந்தியில் தோட்டங்களுக்கு இடும் உரமே காரணம் என்று முடிக்கிறீர்கள். மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று வரலாம். அதை எப்படி விலக்கினீர்கள்? தோட்டக் கிணறுகளையும் வீட்டுக் கிணறுகளையும் பிரித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.” இந்தக் குறிப்பு இடத்தைச் சுட்டி, குறையைக் காட்டி, அடுத்து என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறது. காரணங்களைப் பிரித்துப் பார்க்கும் இந்த வழி, நீரைப் பற்றியே இல்லாத அடுத்த ஒப்படைக்கும் உதவும்.

ஆங்கில மூலம் கற்பிக்கும் பீடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழில் படித்து வந்த மாணவரின் ஒவ்வொரு இலக்கணப் பிழையையும் திருத்தினால் பக்கம் சிவந்துவிடுகிறது. வாதத்தைப் பற்றிய ஒரேயொரு முக்கியமான குறிப்பு அதற்குள் மறைந்துபோகிறது. ஒரு பந்தியின் மொழியை மட்டும் முழுமையாகத் திருத்திக் காட்டி, மற்றப் பந்திகளை அவரே திருத்தும்படி விடுவது நல்லது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று விரிவுரையாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வகுப்புகள் பெரியவை, ஒப்படைகள் கட்டுக்கட்டாக வருகின்றன. ஆனால் செலவாகும் நேரத்தைக் கூட்டுவதைவிட, அதை இடம் மாற்றுவதே முக்கியம். வரைவுக்குக் குறிப்பு மட்டும் எழுதி, இறுதிப் பிரதிக்குப் புள்ளி மட்டும் இட்டால் அதே நேரத்தில் அதிகம் நடக்கும். முதல் வாரங்களிலேயே நல்ல ஒப்படை ஒன்றையும் சுமாரான ஒன்றையும், எழுதியவர் பெயரை நீக்கி, வகுப்பில் வைத்து ஒப்பிட்டுப் பேசினால் சட்லரின் முதல் இரண்டு நிபந்தனைகளுக்கும் வழி திறக்கும்.

இறுதிப் பிரதியோடு, முன்பு கிடைத்த குறிப்புகளை வைத்து என்ன மாற்றினேன், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அரைப்பக்கம் எழுதித் தரும்படியும் கேட்கலாம். மாணவர் எழுதியது குறிப்போடு பொருந்தவில்லையென்றால், அந்தக் குறிப்பு அவருக்குப் புரியவில்லை என்பது விரிவுரையாளருக்கு உடனே தெரிந்துவிடும். அடுத்த கட்டு வரைவுகளைப் பார்க்கும்போது அதை வேறு விதமாக எழுதலாம்.