ஓய்வு பன்னிரண்டு மணி நேரம், தூக்கம் மூன்று

லீவில் காரைக்குடிக்கு வந்தால் முதல் நாள் பகலெல்லாம் தூக்கம்தான். பழைய வீட்டின் இரண்டாம் கட்டில், ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரையில் பாயை விரித்துப் படுத்தால் குக்கர் விசிலும் கோயில் மணியும் பஸ் ஹாரனும் என்னை ஒன்றும் செய்வதில்லை. "பெரிய ஓட்டல்ல மெத்தை போட்டுக் குடுக்குறாக, அங்க தூங்காம இங்க வந்து தரையில தூங்குறியேடி" என்று அப்பத்தா ஒவ்வொரு முறையும் அங்கலாய்ப்பார். பதினோரு வருடமாக விமானத்தில் கேபின் க்ரூவாக இருக்கிறேன். அவருடைய கேள்விக்கு விடை என் சோம்பலில் இல்லை, மூளையில் இருக்கிறது.

நள்ளிரவு தாண்டிச் சென்னையில் கிளம்பி, லண்டனில் இறங்கி, ஹோட்டல் அறைக்குள் நுழையும்போது அங்கே காலை 8 மணி என்று வைத்துக்கொள்வோம். கோடைக்காலமென்றால் அப்போது நம் ஊரில் பகல் 12.30. இரவெல்லாம் விழித்திருந்ததால் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து கண்ணை இழுக்கும். ஆனால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் "உச்சிவெயில் நேரம், எழுந்திரு" என்கிறது. கண்களிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்னத் திரள்தான் அந்தக் கடிகாரம். செல்லுக்குள் ஒரு புரதம் இரவில் சேர்ந்து பகலில் சிதைவதால் இந்த நேரக்கணக்கு ஓடுகிறது. பழ ஈக்களில் இதைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. புதிய ஊரின் நேரத்துக்கு இந்தக் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். அது நகர்வதற்குள் நாங்கள் திரும்பிப் பறந்துவிடுவோம்.

அறையில் நான் முதலில் பார்ப்பது திரைச்சீலையை. எவ்வளவு கனமான திரையாக இருந்தாலும் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். வெளிச்சம் அதன் வழியே வந்து சரியாகத் தலையணையில் விழும். அலமாரியில் பேன்ட் மாட்டுவதற்கு என்று இரு பக்கமும் கிளிப் வைத்த ஹேங்கர் இருக்கும். அதை எடுத்துத் திரையின் இரு ஓரங்களையும் சேர்த்துக் கவ்வவிடுவேன். க்ரூவில் இதைச் செய்யாதவர்கள் குறைவு. விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் கடிகாரத்துக்குச் சொல்லும் செல்கள் உண்டு. அவை 480 நானோமீட்டர் அருகிலுள்ள நீல ஒளிக்குத்தான் அதிகம் துடிக்கும். காலை வானத்தின் ஒளியில் அது நிறையவே இருக்கிறது. மூடிய இமையைத் தாண்டியும் ஒளி கொஞ்சம் உள்ளே போகும். டிவியின் சிவப்புப் புள்ளி கண்ணை உறுத்தினாலும் கடிகாரத்தை அவ்வளவாக அசைக்காது. ஒரு விரல் அகல வானம் அதைவிட மோசம்.

அடுத்தது சத்தம். ஏசி ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தால் தூங்கிவிடலாம். அது நின்று, பத்து நிமிடம் கழித்து "டக்" என்று மறுபடி ஓடத் தொடங்கும்போதுதான் விழிப்பு வருகிறது. தூங்கும் மூளை சத்தத்தின் அளவைவிட அதன் மாற்றத்தைத்தான் கவனிக்கிறது. சில ஹோட்டல்களில் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் தானாக அணைந்துவிடும் ஏசி. அசையாமல் தூங்குகிற ஆளை அது அறையில் இல்லாத ஆளாகக் கணக்கிட்டுவிடும்! வியர்த்து எழுந்து, இருட்டில் கையை வீசிக் காட்டி அதை எழுப்பியிருக்கிறேன். முன்பு தங்கியவர் வைத்துவிட்டுப் போன அலாரம், கதவைத் தட்டும் ஹவுஸ்கீப்பிங், லிஃப்ட்டின் "டிங்", இவையெல்லாம் ஒவ்வொரு லேஓவரிலும், அதாவது இரண்டு பறத்தலுக்கு நடுவே வெளியூரில் தங்கும்போதெல்லாம், உண்டு.

அப்படியானால் காரைக்குடியில் குக்கர் விசில் ஏன் எழுப்பவில்லை? எனக்கு மிகவும் பிடித்த பதில் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புது இடத்தில் முதல் முறை தூங்கியவர்களின் மூளையில் ஆழ்ந்த தூக்கத்தின்போது வலப் பாதி நன்றாக உறங்க, இடப் பாதியின் ஒரு பகுதி மட்டும் மேலோட்டமாகவே உறங்கியது. திடீரென்று ஒரு மாறுபட்ட ஒலி கேட்டால் அந்த இடப் பாதிதான் வேகமாகச் சுதாரித்தது. டால்பின்கள் பாதி மூளையை விழிக்கவைத்துத் தூங்குவதன் மெலிதான சாயல் இது. அதே இடத்தில் இரண்டாம் முறை தூங்கியபோது இந்த வேறுபாடு காணாமல் போயிற்று. அறிமுகம் இல்லாத இடத்தில் மூளை ஒரு காவல்காரனைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுத்தான் உள்ளே போய்ப் படுக்கிறது.

சாதாரணப் பயணிக்கு அது ஓர் இரவு. எங்களுக்கோ மாதம் முழுக்கப் புது இடத்தில் முதல் இரவுதான். இன்று ஒரு ஊர், நாளை மறுநாள் இன்னொன்று. காவல்காரன் திண்ணையை விட்டு எழுந்திருப்பதே இல்லை. அப்பத்தா வீட்டில் அவனுக்கு வேலை கிடையாது. குக்கர் விசிலை என் மூளை குழந்தையிலிருந்தே கேட்டு, ஆபத்தில்லை என்று முடிவுசெய்து வைத்திருக்கிறது. ஆனால் அதே தூக்கத்தில் அப்பத்தா என் பெயரை மெல்லக் கூப்பிட்டால் எழுந்துவிடுவேன். தூங்குகிறவர்கள் மற்றப் பெயர்களைவிடத் தம் பெயருக்கு அதிகம் எதிர்வினை காட்டுவதை 1960லேயே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

தரையையும் விட்டுவிடக் கூடாது. தூக்கம் வர உடம்பின் உள்வெப்பம் இறங்க வேண்டும். இரவுக்குள் சுமார் ஒரு டிகிரி இறங்கும். அந்தச் சூடு வெளியேறும் வழி கையும் காலும்தான், அங்கே தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்துகொடுக்கின்றன. கனத்த கம்பளியை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி வைத்த கட்டிலில் சூடு போக வழியில்லை. நான் முதலில் கால்பக்கத்தை உருவிவிடுவேன். செட்டிநாட்டு வீட்டின் தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வெயிலை உள்ளே விட மணிக்கணக்காகும். நடு முற்றம் வெக்கையை மேலே அனுப்பிவிடும். பாயைத் தாண்டி நீட்டிய பாதத்திலிருந்து சிமென்ட் டைல்ஸ் சூட்டை விறுவிறுவென்று வாங்கிக்கொள்ளும். வெயில் விழாத உள்ளறையில் இருட்டுக்கும் குறைவில்லை.

இதையெல்லாம் சொகுசு பற்றிய புலம்பலாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010 மே 22 அன்று மங்களூருவில் விமானம் ஓடுதளத்தைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். சரியாக அமையாத தரையிறக்கத்தைக் கேப்டன் கைவிடாததே நேரடிக் காரணம் என்றது விசாரணை. பணிக்கு முன் போதிய ஓய்வு நேரம் இருந்தும் அவர் பறக்கும்போது நெடுநேரம் தூங்கியிருந்தார், விழித்ததும் வரும் மந்தநிலை அவரைப் பாதித்திருக்கலாம் என்றும் அறிக்கை குறிப்பிட்டது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து சட்டென எழுந்தால் முடிவெடுக்கும் முன்மூளை தெளிய அரை மணி நேரம்கூட ஆகலாம். ரோஸ்டர் என்கிற பணி அட்டவணையில் எழுதப்படுவது ஓய்வு நேரம். எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. அதனால்தான் க்ரூவுக்கு லிஃப்ட் பக்கத்து அறையைத் தராதீர்கள் என்று ரிசப்ஷனில் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன், கூச்சப்படாமல்.

போன முறை அப்பத்தா தன் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். எந்த ஊரானாலும் தலையணை மேல் அதை விரித்துத்தான் படுக்கிறேன். மூளைக்குத் தெரிந்த மணம் ஒன்றாவது அறையில் இருக்கட்டும் என்றுதான். சென்ற மாதம் அபூர்வமாக ஒரே ஹோட்டலில் இரண்டு இரவு தங்கக் கிடைத்தது. முதல் இரவு லிஃப்ட்டின் "டிங்"கை ஏழு முறை எண்ணினேன். இரண்டாம் இரவு வேக்அப் கால் வரும்வரை ஒன்றுகூடக் கேட்கவில்லை.