நியூ டீல்: ஒப்பந்தம் அல்ல, புதுப் பங்கீடு

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் அக்கா மகள் போன வாரம் தன் நோட்டை என்னிடம் நீட்டினாள். 'முக்கிய ஒப்பந்தங்கள்' என்று தலைப்பிட்டுக் கட்டம் போட்டிருந்தாள். முதல் வரி வெர்சாய், 1919. அதற்குக் கீழே 'புதிய ஒப்பந்தம், 1933, ரூஸ்வெல்ட்'. கையெழுத்திட்ட நாடுகள் என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. "மாமா, இதை அவர் யாரோட போட்டார்?"

யாரோடும் போடவில்லை. 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியிலிருந்து மீள அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சட்டங்களுக்கும் திட்டங்களுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் 'நியூ டீல்'. அவள் மேல் தப்பும் இல்லை. ஒப்பந்தம் என்றால் எதிரே இன்னொரு தரப்பு இருக்க வேண்டும் என்று சரியாகத்தான் யோசித்திருக்கிறாள். 'நியூ டீல்' என்று பார்த்ததும் 'புதிய ஒப்பந்தம்' என்று எழுதிவிட்டுப் போனவர்தான் யோசிக்கவில்லை. எத்தனையோ வருடமாக இந்த மொழிபெயர்ப்பைப் பார்த்துவருகிறேன். இனியும் பொறுக்க முடியவில்லை.

'டீல்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் பங்கு, பிரித்துக் கொடுப்பது என்றுதான் பொருள். ஜெர்மன் மொழியில் பங்கைக் குறிக்கும் 'டைல்' இதன் உறவுச் சொல். அது அப்படியே சீட்டாட்டத்துக்குப் போனது: சீட்டைக் கலைத்து ஆளுக்கு இத்தனை என்று போடுவது. பேரம், உடன்பாடு என்ற பொருளெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை.

1932 ஜூலை 2 அன்று சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க மக்களுக்கு ஒரு 'நியூ டீல்' தருவதாக உறுதி கூறியபோது, கேட்டவர்கள் காதில் சீட்டாட்ட மேசைதான் விழுந்திருக்கும். விழுந்த சீட்டு மோசம், எல்லாவற்றையும் வாங்கிக் கலைத்து மறுபடி போடுவோம் என்பதுதான் அந்த வழக்கு. இது என் ஊகம் இல்லை. அவருக்கு வெகு காலம் முன்னால் அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் முழக்கம் 'ஸ்கொயர் டீல்', அதாவது நேர்மையான பங்கீடு. 1905இல் அவரே அதை விளக்கினார்: எல்லாருக்கும் நல்ல சீட்டு விழும் என்று நான் சொல்லவில்லை, சீட்டுப் போடுவதில் திருட்டு இருக்கக் கூடாது என்கிறேன் என்ற கருத்தில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சரி, 'ஒப்பந்தம்' என்று எழுதினால் என்ன கெட்டுவிடும்? நிறையக் கெடும். ஒப்பந்தத்துக்கு இரு தரப்பு வேண்டும், நிபந்தனை வேண்டும், மீறினால் வழக்குப் போட இடம் வேண்டும். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் செய்தவை சட்டங்களும் திட்டங்களும். 1933இல் வேலை செய்யக்கூடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. காடு வளர்க்க இளைஞர்களைச் சேர்த்து மாதம் 30 டாலர் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி, வழக்கமாக 25 டாலர், நேரே வீட்டுக்குப் போனது. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதியோர் ஓய்வூதியம் அதிலிருந்துதான், இன்றும் அமெரிக்க முதியோர் அதை நம்பி வாழ்கிறார்கள். 1938இல் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி, வேலை நேரத்துக்கு வரம்பு, குழந்தை உழைப்புக்குக் கட்டுப்பாடு. வங்கி திவாலானாலும் சிறு சேமிப்பு போகாது என்ற காப்பீடும் அந்தக் காலத்து ஏற்பாடுதான். இதில் எதை யார் யாரோடு ஒப்பந்தம் செய்தார்கள்? இவை எல்லாம் நாட்டின் வளத்திலும் பாதுகாப்பிலும் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் திருத்தி எழுதிய வேலைகள்.

இன்னொன்றையும் 'ஒப்பந்தம்' மறைத்துவிடுகிறது. அந்த 1935 சட்டத்தின் ஓய்வூதியத்தில் பண்ணைத் தொழிலாளருக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இடம் இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் மிகுதியாக இருந்தது இந்த வேலைகளில்தான். 1950களின் திருத்தங்களுக்கு அப்புறம்தான் அவர்களில் பெரும்பாலோர் உள்ளே வந்தார்கள். பங்கீடு என்று சொல்லிப் பாருங்கள், யாருக்குச் சீட்டே விழவில்லை என்ற கேள்வி தானாக வரும். ஒப்பந்தம் என்றால் அந்தக் கேள்வி எழவே எழாது.

இந்தத் தப்பு குட்டியும் போட்டிருக்கிறது. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க முன்வைக்கப்பட்ட 'கிரீன் நியூ டீல்' இப்போது 'பசுமைப் புதிய ஒப்பந்தம்' ஆகிவிட்டது. பக்கத்திலேயே காலநிலை பற்றிய 2015இன் பாரிஸ் ஒப்பந்தம் என்ற உண்மையான ஒப்பந்தம் இருக்க, படிப்பவர் இரண்டையும் ஒன்றாகத்தானே நினைப்பார்? ஒன்று நாடுகள் சேர்ந்து ஏற்றது, மற்றது ஒரு நாட்டுக்குள் வேலையையும் முதலீட்டையும் பிரித்துக் கொடுக்கும் யோசனை.

'புதிய பேரம்' என்பாரும் உண்டு. பேரத்தில் விலை பேசுவார்கள், அது இன்னும் மோசம். 'மறுபங்கீடு' பொருளில் கிட்ட வருகிறது. ஆனால் அது இருப்பவரிடம் எடுத்து இல்லாதவருக்குக் கொடுப்பது என்ற பொருளியல் சொல்லாகிவிட்டது. குறளில் அரசின் வேலையாகச் சொல்லப்படும் 'வகுத்தல்' எனக்கு மிகவும் பிடித்த சொல். என்ன செய்வது, இன்று அது கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. பங்கீடு என்றால் ரேஷன் ஞாபகம் வரும் என்று ஒரு நண்பர் சொன்னார். வரட்டுமே, அதுவும் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதுதானே.

தனித்தமிழ்ப் பிடிவாதம் எனக்கு இல்லை. 'நியூ டீல்' என்றே எழுதி, முதல் இடத்தில் 'புதுப் பங்கீடு' என்று ஒரு சொல் சேர்த்தாலும் போதும். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளைத் தூக்கி ஒட்டும் பழக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. மூலச் சொல்லை ஆட்டத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா?

அக்கா மகள் அந்த வரியை அழித்துவிட்டு, 'சட்டங்கள்' என்ற வேறு பக்கத்தில் எழுதிக்கொண்டாள். தேர்வில் 'புதிய ஒப்பந்தம்' என்றே கேட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். கேள்வியில் இருப்பதையே எழுது, பொருளை மட்டும் சரியாக எழுது என்றேன்.