பச்சைப்பிள்ளைக்கு ஏன் பலகை மாதிரி மெத்தை?

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு பெட்டி வந்திருந்தது. உள்ளே மடித்து வைத்த தொட்டில். அலுமினியக் கால்கள், வலைத்துணிப் பக்கங்கள், பெரிய கட்டிலோடு சேர்த்துக் கட்ட இரண்டு நீளமான பட்டிகள். நிமிர்த்தி வைத்ததும் அம்மா வந்து மெத்தையை உள்ளங்கையால் அமுக்கினார். “என்ன பிள்ளை இது, பலகை மாதிரிக் கிடக்கு? பச்சைப்பிள்ளைக்கு நோகாதே?” என்றவர், உள்ளே போய் இலவம்பஞ்சில் தைத்த சின்னத் தலகணி ஒன்றோடு திரும்பி வந்தார்.

அம்மாவுக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு ஒரு கிழமை பிடித்தது. தேடிப் படிக்கப் படிக்க, மெத்தையில் தொடங்கிய விஷயம் கழுத்தில் போய் நின்றது. மெத்தை எவ்வளவு தடிப்பு, பக்கம் துணியா வலையா, கொஞ்சம் சாய்வு இருந்தால் நல்லதா என்று தொட்டில் வாங்கும்போது எழும் கேள்விகளில் முக்கால்வாசிக்குப் பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாயில்தான் விடை இருக்கிறது.

வளர்ந்தவரின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய பெருவிரல் அகலம். பிறந்த குழந்தையினுடையது 4, 5 மில்லிமீற்றர்தான். இளநீருக்குப் போடும் ஸ்ட்ரோவை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே பௌதிகவியல் ஒன்று குறுக்கே வருகிறது. குழாய் ஒன்றில் காற்று சீராக ஓடும்போது அதற்கு ஏற்படும் தடை, குழாயின் ஆரை குறையக் குறைய அதன் நாலாம் வலுவில் ஏறும். 18 மில்லிமீற்றர்க் குழாய் 16 ஆகச் சுருங்கினால் தடை ஒன்றரை மடங்கை ஒட்டிக் கூடும். பெரியவருக்கு அது தெரியக்கூட மாட்டாது. 4 மில்லிமீற்றர்க் குழாயில் அதே 2 மில்லிமீற்றர் குறைந்தால் தடை 16 மடங்கு. சின்ன மடிப்பு, சின்ன அழுத்தம் எதுவும் பிள்ளைக்குச் சின்னதல்ல.

அந்தக் குழாய்க்கு மேலே இருப்பது உடம்பின் நீளத்தில் கால்வாசி வரும் தலை. பின்மண்டை புடைத்திருக்கும், கழுத்துத் தசைக்கு அதைத் தாங்கும் பலம் இன்னும் வந்திராது. தட்டையான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்தாலே பின்மண்டை கொஞ்சம் முன்னால் தள்ளும். அதற்குக் கீழே ஒரு தலகணியும் வைத்தால் நாடி நெஞ்சில் முட்டும், மேல்மூச்சுப் பாதை ஒடுங்கும். மயக்க மருந்து வைத்தியர்கள் கைக்குழந்தையின் மூச்சுப் பாதையைத் திறந்து வைக்க மடித்த துவாயைத் தோளுக்குக் கீழேதான் வைப்பார்கள். அது அவர்கள் கண் முன்னால் செய்யும் வேலை, வீட்டில் செய்து பார்ப்பதற்கில்லை. ஆனால் தலைக்குக் கீழே எதையும் வைக்காததற்கான காரணம் அதிலேயே தெரிகிறது.

அம்மாவின் அடுத்த பயம் நியாயமானது. “மல்லாக்கக் கிடந்தால் கக்கினது திரும்ப உள்ளே போய்விடாதா?” உள்ளே எந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து காட்டினேன். மூச்சுக்குழாய் முன்பக்கம், உணவுக்குழாய் அதற்குப் பின்னால். மல்லாந்து படுத்த பிள்ளைக்கு மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. மேலெழும் பால் மூச்சுக்குழாய்க்குள் போவதென்றால் மேல்நோக்கி ஏறவேண்டும். குப்புறப் போட்டால் ஒழுங்கு தலைகீழாகிவிடும். மேலெழுந்த பால் மூச்சுக்குழாய் வாசலில் வந்து தேங்கும். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் “பிள்ளையை மல்லாக்கத் தூங்க வையுங்கள்” என்று பெற்றோருக்குச் சொல்லத் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் திடீரெனச் சாகும் குழந்தைகளின் வீதம் பாதிக்கும் மேலாகக் குறைந்தது. ஒரு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, படுக்கும் திசையை மாற்றியதுதான்.

மெத்தை ஏன் இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் உள்ளே இழுக்கும் காற்றில் காபனீரொட்சைட்டு 0.04 சதவீதம்; வெளியே விடுவதில் 4 சதவீதம் அளவில், நூறு மடங்கு. பிள்ளை மூச்சை விட்டதும் அது கலைந்து போகவேண்டும். மெத்து மெத்தென்ற பஞ்சில் முகம் பக்கவாட்டில் புதைந்தால் மூக்கைச் சுற்றி ஒரு குழி உண்டாகும். விட்ட மூச்சே அதில் தேங்கி, திரும்பவும் உள்ளே போகும். ஒட்சிசன் குறையும். பெரியவர் என்றால் திடுக்கிட்டு எழும்புவார். முதல் ஆறு மாதத்தில், அதிலும் இரண்டாவது மாதத்துக்கும் நாலாவது மாதத்துக்கும் இடையில், சில பிள்ளைகளின் மூளைத்தண்டில் அந்த எழுப்பும் மணி சரியாக அடிப்பதில்லை. எந்தப் பிள்ளைக்கு என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாப் பிள்ளைக்கும் இறுக்கமான மெத்தை. தலகணி, பொம்மை, ஓரப் பஞ்சுத் தடுப்பு எதுவும் உள்ளே கூடாது.

இறுக்கத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். அவுஸ்திரேலியாவில் சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தங்கையின் கட்டிலில் அதைச் செய்தும் பார்த்தேன். பழைய படச் சீடிகள் 12 எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மெத்தையின் நடுவில் அடுக்கினேன். ஒரு லீற்றர்ப் பால் பெட்டி இரண்டு, உடைக்காதது. ஒன்றின் அடிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து 4 சென்ரிமீற்றரில் பேனையால் கோடு போட்டு, அந்தக் கோடு சீடி அடுக்கின் விளிம்பில் வரும்படி படுக்க வைத்து, மற்றதை அதற்கு மேல் வைத்தேன். துருத்தி நிற்கும் பகுதி மெத்தையைத் தொட்டால் மெத்தை மென்மை கூடிப்போச்சு என்று பொருள். சீடி அடுக்கு பிள்ளையின் தலை மாதிரி. பால் பெட்டி, தலை அமிழ்ந்தால் மூக்குப் பக்கம் மெத்தை எவ்வளவு எழும்பி வரும் என்பதைக் காட்டுகிறது. லண்டன் தொட்டிலில் தொடவில்லை. தங்கை படுக்கும் ஃபோம் மெத்தையில் பெட்டி உடனே போய் முட்டியது. அம்மா அதைக் குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

இனி ஏணை. சேலையில் ஏணை கட்டி ஆட்டாத வீடு நம் ஊரில் ஏது? இரண்டு மீற்றர் கயிற்றில் தொங்கும் ஏணை ஓர் ஊசல். ஒரு முறை போய் வர 2.8 வினாடி. பிள்ளை கொழுத்தாலும் மெலிந்தாலும் அந்த நேரம் மாறாது, கயிற்றின் நீளம்தான் அதைத் தீர்மானிக்கிறது. அந்த மெல்லிய ஆட்டம் பிள்ளையை அமைதிப்படுத்துவது உண்மை. ஆனால் சேலை பிள்ளையின் முதுகை வில் மாதிரி வளைக்கிறது. வளைந்த முதுகு நாடியை நெஞ்சுக்குக் கொண்டுவரும், துணியின் இரு பக்கமும் முகத்தை நெருங்கும். அழும் பிள்ளையை, பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்த்தபடி ஆட்டுவது வேறு. இரவு முழுக்க விட்டுவிட்டு நாமும் தூங்குவது வேறு. சாய்வுத் தொட்டில்களிலும் இதே சிக்கல்தான். 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே வகைச் சாய்வுத் தொட்டில்கள் 47 இலட்சம் அளவில் திரும்பப் பெறப்பட்டன. 2022இல் 10 பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அங்கே சட்டத்தாலேயே தடுத்துவிட்டார்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் பன்பாய் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. தரையில் விரித்த பாய் இறுக்கம், தட்டை, வெறுமை மூன்றிலும் தேறிவிடும். எறும்பும் ஈரமும் நடமாடும் கால்களும்தான் அதன் குறை. தொட்டில் வாங்க வசதியில்லாத வீட்டில், தாயின் பாயை ஒட்டிப் பிள்ளைக்கென்று தனிப்பாயும் மெல்லிய துணியும் விரிப்பது, பஞ்சு அடைத்த விலைகூடிய கூடு ஒன்றை வாங்குவதைவிட நல்லது என்பது என் எண்ணம்.

சரி, கட்டிலோடு ஒட்டும் தொட்டிலால் என்ன லாபம்? பிள்ளை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கேட்கும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தாய் எழும்பி நடக்க வேண்டாம், தாய்ப்பால் தொடரும். தாய்ப்பாலே திடீர்ச் சாவின் ஆபத்தைக் குறைக்கிறது. அதேநேரம் பெரியவரின் தலகணியும் போர்வையும் பிள்ளையிடம் வராது. முதல் ஆறு மாதமாவது தாயின் அறையில், ஆனால் தனிப் படுக்கையில் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் சொல்வது இதற்காகத்தான். பிள்ளையை அணைத்துப் படுத்துப் பழகிய தாய்மாருக்கு இது மனக்கஷ்டம் என்று தெரியும். பால் கொடுத்து முடித்ததும் தொட்டிலுக்கு மாற்றினால் போதும், கையைப் பிள்ளை மேலேயே வைத்திருக்கலாம்.

ஆபத்து ஒளிந்திருக்கும் இடம் இரண்டு படுக்கைக்கும் நடுவில் விழும் இடைவெளி. நம் தேக்கங் கட்டில்கள் ஆளுக்கொரு உயரம். தொட்டிலின் கால் அந்த உயரத்துக்கு வராவிட்டால் பட்டியை எவ்வளவு இழுத்தாலும் ஒரு பள்ளம் நிற்கும். பிள்ளையின் உடம்பு அதில் வழுக்கி இறங்கித் தலை மேலே மாட்டிக்கொள்ளலாம். ஆகவே கடைக்குப் போகமுன் தரையிலிருந்து கட்டில் மெத்தையின் மேல்மட்டம் வரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பட்டியை மெத்தைக்குக் கீழே கட்டிலின் சட்டத்தைச் சுற்றி இழுத்துக் கட்டி, பிறகு தொட்டிலை வெளிப்பக்கம் பலமாக இழுத்துப் பாருங்கள். விரல் நுழைந்தாலே அவிழ்த்துத் திரும்பக் கட்டவேண்டும். தாய் படுக்கும் பக்கத்து வலையைக் கீழே இறக்கிய நிலையிலும் ஒரு சிறிய தடுப்பு நிற்பது நல்லது. 2019ஆம் ஆண்டு ஐரோப்பியத் தரநிலை அதற்கு 12 சென்ரிமீற்றர் கேட்கிறது. தொட்டிலோடு வந்த மெத்தையை மாற்றவும் வேண்டாம், மேலே இன்னொன்று போடவும் வேண்டாம். ஓரத்தில் இரண்டு விரல் போனால் அது அந்தத் தொட்டிலுக்கான மெத்தை இல்லை. மரக் கம்பித் தொட்டில் என்றால் கம்பிகளுக்கிடையில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் கூடாது. சோடா ரின் ஒன்று நுழைந்தால் வாங்காதீர்கள்.

திருகோணமலைக்கென்று சில விஷயம். மே தொடங்கினால் கச்சான் வீசும். தென்மேற்குக் காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, காய்ந்து வருகிறது. மத்தியானம் 35 பாகையை நெருங்கும். எடைக்கு ஏற்பப் பார்த்தால் பிள்ளையின் தோல் பரப்பு நம்முடையதைவிடக் கூட, வெளிச்சூடு சீக்கிரம் உள்ளே ஏறும். மிகையான சூடும் திடீர்ச் சாவுக்கான ஆபத்துகளில் ஒன்று. அதனால் இங்கே வலைப் பக்கத் தொட்டில்தான் என் தெரிவு. வலையில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் கையில் காற்றுத் தெரியவேண்டும். ஃபேனை முகத்துக்கு நேரே விடாமல் சுவரில் பட்டுத் திரும்ப விடலாம். பிள்ளைக்குச் சூடா என்று பார்க்கக் கை காலைத் தொடுவதில் பயனில்லை, பிடரியில் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். தொப்பி வேண்டாம், உடம்புச் சூடு வெளியேறும் பெரிய வழி தலைதான்.

நுளம்பு வலை கட்டாயம். 2017இல் நாடு முழுக்க ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேல் டெங்கு நோயாளர்கள். அந்த வருடத் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். தொட்டிலுக்கு மேல் தளர்வாகப் போட்ட வலை பிள்ளையின் கையில் சிக்கி முகத்தில் விழும். மேலே கூரையிலிருந்து கட்டி, கீழே நன்றாக இழுத்து, பிள்ளையின் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

மடிக்கக்கூடிய தொட்டில் என்பதால் பூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 1990களில் அமெரிக்காவில் சில மடிப்புத் தொட்டில்களின் மேல்கம்பி நடுவில் மடிந்து ‘வி’ எழுத்து மாதிரி விழுந்து, அதில் கழுத்து மாட்டிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். நிமிர்த்தியதும் ஒவ்வொரு மூட்டிலும் ‘டக்’ என்ற சத்தம் கேட்கவேண்டும். கேட்ட பிறகும் மேல்கம்பியை நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கவேண்டும். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று இரும்பை விடாது. மூதூரில் உள்ள மாமியார் வீட்டுக்கும் இங்கேயுமாகத் தங்கை தொட்டிலை ஓட்டோவில் ஏற்றி இறக்கியதில், இரண்டே மாதத்தில் ஒரு திருகாணியில் துரு பிடித்துவிட்டது. ஒருவர் பாவித்த தொட்டிலை வாங்குபவர்கள் துணிக்கு முன்னால் திருகாணியைப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும், கைக்கு வந்த கம்பியால் கட்டிச் சமாளிக்காதீர்கள்.

பிள்ளைக்கு இப்போது நாலு மாதம் ஆகப் போகிறது. போன ஞாயிறு பக்கவாட்டில் உருண்டு, ஒரு கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். தலை கனம் என்பதால் அவனுடைய ஈர்ப்பு மையம் நெஞ்சுப் பக்கம் மேலே இருக்கிறது. முழங்காலில் எழும்பத் தொடங்கினால் அந்தத் தாழ்ந்த பக்கம் அவனைத் தடுக்காது, தலைகீழாக வெளியே விழுவான். தொட்டிலோடு வந்த தாளில் 9 கிலோ வரை பாவிக்கலாம் என்று எழுதியிருக்கிறது, ஆனால் கிலோ வருமுன்னரே முழங்கால் வந்துவிடும். அடுத்த மாதம் உயரமான மரத் தொட்டிலுக்கு மாற்றுவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள். தச்சரிடம் கம்பி இடைவெளியை 6 சென்ரிமீற்றருக்குள் வைக்கச் சொல்லி, சோடா ரின் ஒன்றையும் கையில் கொடுத்துவிட்டு வந்தவர் அம்மா.